காண்டாமிருக வண்டும் எருக்குழியும்

தென்னையின் குருத்தோலை விரியும்பொழுது கத்தரித்த விசிறிபோல் காணப்படின், காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்திருக்கிறதெனத் தோப்புடையோர் யாவரும் அறிவர். அறிந்தவுடன் மரத்திற்கு மருந்து தேடுகின்றனர். ஆனால் வண்டு பிறக்குமிடம் மரமன்று, எருக்குழியே ஆகும். இதை மனத்திற் கொள்ளாதவரையில் எந்தச் சிகிச்சையும் நிலைத்த பயன் தராது.

தாய்வண்டு எருக்குழி, மக்கிய குப்பை, பட்டுப்போன தென்னந்தடி ஆகியவற்றில் முட்டையிடுகிறது. அதிலிருந்து வெளிப்படும் பருத்த வெண்புழுக்கள் சில மாத காலம் எருவைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகிப் பின் வண்டாகின்றன. அதுவரையில் அவை ஓரிடத்திலேயே கிடக்கின்றன. வண்டானபின்னரோ, எவர் தோப்பென்று பாராமல் இரவிற் பறந்து சென்று குருத்தைக் குடைகின்றன. இளங்கன்றாயின் மடிந்துபோதலும் உண்டு. பெரிய மரத்தின் புண்ணிலோ சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டு, மரத்தையே வீழ்த்திவிடும். சத்துரு தரையிற் கிடக்கையில் விட்டுவிட்டு, மரமேறியபின் துரத்துவது விவேகமாகாது.

செய்யவேண்டியவை எளியவை. இரண்டு மாதத்திற்கொரு முறை எருவைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். கோழிகளும் காக்கைகளும் இதற்குத் துணைசெய்யும். பட்ட மரங்களை அகற்றி எரித்துவிட வேண்டும். மெட்டாரைஸியம் என்னும் பச்சைப் பூசணத்தை நீரிற் கலந்து எருக்குழியில் தெளித்தால், அது புழுக்களுக்கு நோயுண்டாக்கிக் கொல்லும். மரத்திலுள்ள வண்டைக் கொக்கிக் கம்பியால் குத்தியெடுத்து, வேப்பங்கொட்டைத் தூள் 1 பங்கும் மணல் 2 பங்கும் கலந்து, மரமொன்றுக்கு 150 கிராம் வீதம் குருத்தையடுத்த 3 மட்டைகளின் இடுக்கில் இடுவது நலம்.

எருவைக் கிளறக் கூலி ஏது எனச் சிலர் கேட்கலாம். கிளறிய எரு ஒருசீராக மக்குமாதலால் அக்கூலி வீணன்று. மடிந்த கன்றுக்கு மறுகன்று நட்டுக் காய்ப்புக்குக் காத்திருக்கும் வருஷங்களின் நஷ்டமோ அதனிலும் மிகப் பெரிது.

எனினும், ஒருவர் கிளறி அயலார் அலட்சியமாயிருப்பின் பிரயோஜனமில்லை. பூச்சித் தடுப்பு வேலைகளைச் செய்யும்படி நிலமுடையோருக்குக் கட்டளையிட அரசாங்கத்திற்கு இடமளிக்கும் சட்டமொன்று சென்னை மாகாணத்தில் 1919-ஆம் வருஷத்திலேயே இயற்றப்பட்டது. ஒருவரது அசிரத்தை ஊரார் அனைவரின் நஷ்டமாகும் என்பதே அதன் கருத்து. ஆயினும் கட்டளையை எதிர்பார்த்திருப்பது கௌரவமன்று. கிராம அதிகாரிகளும் பெரிய நிலக்காரர்களும் கூடி, தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒரு வாரத்தைக் குறித்து, ஊரிலுள்ள எல்லா எருக்குழிகளையும் கிளறச் செய்வார்களாக. முதலிற் கிளறப்படுவது அவர்களுடைய குழியாகவே இருத்தல் வேண்டும்.