சீனத்தின் வாணிக மிகுதி

ஒரு நாடு பிறநாடுகளுக்கு விற்பது மிகுந்து, அவற்றினின்று வாங்குவது குறையுமாயின், அதனை அந்நாட்டின் செழிப்பென்றே கொண்டாடுதல் உலக வழக்கு. சீன தேசத்தைக் குறித்தும் நம்மிற் பலர் அங்ஙனமே வியக்கின்றனர். 2024-ஆம் ஆண்டில் அதன் பண்ட ஏற்றுமதி, இறக்குமதியினும் ஏறத்தாழ 99,000 கோடி டாலர் விஞ்சி நின்றது. பெருந்தொகையே. ஆயினும், இம்மிகுதி யாருடைய இலையினின்று எடுத்து வைக்கப்பட்டது என்று வினவுதல் நமக்குரிய கடனாம்.

2001 டிசம்பரிற் சீனம் உலக வாணிக அமைப்பிற் சேர்ந்தபின், நாட்டுப்புறத்து இளைஞரும் மகளிரும் முன்னினும் பெருந்தொகையினராய்க் கடற்கரை நகரங்களின் தொழிற்சாலைகளை நாடினர். அதனால் வறுமை நீங்கினோர் பல கோடியர். இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் ஆங்கு 'ஹுகோ' என்னும் குடிப்பதிவு முறை ஒன்றுண்டு. 1958-ஆம் ஆண்டு விதிகளால் அது நிலைபெற்றது. சிற்றூரிற் பதிவு பெற்றவன் நகரத்திற் பல்லாண்டு உழைத்தாலும், அந்நகரத்தார்க்குரிய கல்வி, மருத்துவம், முதுமைக்கால உதவி ஆகியவற்றை முழுதும் பெறுதல் அரிது. தன் மகனைப் பாட்டனாரிடம் விட்டு வந்து, ஆண்டுக்கொருமுறை புத்தாண்டு விழாவிற்கு மட்டும் ஊர் திரும்பும் தாய்மார் பலர். சிறு நகரங்களில் இவ்விதி பின்னர்த் தளர்ந்தது. பீகிங், ஷாங்காய் போன்ற பெருநகரங்களிலோ கதவு இன்னும் ஒருக்களித்தே நிற்கின்றது.

நோய்க்கும் முதுமைக்கும் தானே பொருள் சேர்த்து வைக்க வேண்டியவன் எங்ஙனம் தாராளமாய்ச் செலவிடுவான்? அந்நாட்டின் மொத்த உற்பத்தியிற் குடும்பங்கள் நுகரும் பங்கு 100-க்கு 40 அளவினதே. பெரிய நாடுகளுள் இத்துணைக் குறைந்த பங்கு காண்டல் அரிது. உழைத்தவன் வாங்க இயலாத பண்டம் கப்பலேறிப் பிறநாட்டுச் சந்தைகளை நிரப்புகின்றது. அங்குள்ள தொழிலாளியும் வேலை இழக்கின்றான்.

அமெரிக்கா 2018 முதல் சுங்கவரிச் சுவரெழுப்பிப் பார்த்தது. பண்டங்களில் ஒரு பகுதி வியத்நாம் முதலிய நாடுகளின் வழியாய்ச் சுற்றிச் சென்றது. சீனத்தின் மிகுதியோ பின்னும் பெருகிற்று. தான் ஈட்டுவதினும் மிகுதியாய்ச் செலவிட்டுக் கடன் வாங்கும் தன் வழக்கத்தை அமெரிக்கா ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. தொழிலாளியின் பிள்ளைக்கு நகரத்துப் பள்ளிக் கதவைத் திறத்தல் அச்சுவரினும் பயன் தரும் என்பது நம் கருத்து.

கடன்பட்ட நாடு மட்டுமன்றி, மிகுதியுடைய நாடும் கட்டணம் இறுத்துத் தன் நிலையைத் திருத்திக்கொள்ளல் வேண்டுமென ஆங்கிலப் பொருளியலறிஞர் கீன்ஸ் ஒரு திட்டம் வகுத்தார். 1944-இல் பிரெட்டன் வுட்ஸ் மகாநாட்டில் அஃது ஏற்கப்படவில்லை. அன்று மிகுதி வாணிகம் உடையது அமெரிக்கா. அத்திட்டத்திற்கு இணங்க மறுத்ததும் அந்நாடே.