தலையெழுத்தும் தலைக்குள் எழுத்தும்

வறுமைக்குக் காரணம் என்னவென்று கேட்டால் நம் முன்னோர் நெற்றியைத் தொட்டுக் காட்டினர். கூலி குறைந்ததும், குழந்தை இறந்ததும், பிள்ளை படிக்காமற் போனதும் ‘தலையெழுத்து’ என்ற ஒரே சொல்லில் அடங்கின. பிரமன் எழுதியதை யார் அழிப்பார் என்ற அந்த நம்பிக்கையை அசைப்பதற்குப் பகுத்தறிவாளரும் முற்போக்காளரும் பட்ட பாடு கொஞ்சமன்று.

இன்று நெற்றியைத் தொட்ட விரல் சற்றே உள்ளே நகர்ந்திருக்கின்றது. எழுத்து தலையின்மீது இல்லை, தலைக்குள்ளே இருக்கின்றது என்கின்றது புதிய வேதம். எண்ணத்தை மாற்றினால் மூளை மாறும், மூளை மாறினாற் பழக்கம் மாறும், பழக்கம் மாறினால் வாழ்வே மாறும் என்பது அதன் மூலமந்திரம். பாடசாலை மண்டபங்களிலும், தனியார் வகுப்புகளிலும், கம்பனிகள் தம் ஊழியருக்கு நடத்தும் பயிற்சிப் பட்டறைகளிலும், கைத்தொலைபேசித் திரைகளிலும் இது ஓயாது ஓதப்படுகின்றது. அப்படியாயின் வாழ்வு மாறாதவன் யார்? தன் மூளையைப் பழக்கத் தவறிய சோம்பேறி! பழைய தலையெழுத்தாவது பழியைப் பிரமன்மேற் போட்டது. புதிய எழுத்தோ அதனை ஏழையின் மீதே சுமத்துகின்றது.

நாம் அறிந்த ஒரு மலையகப் பாடசாலையில் இத்தகைய உரையொன்று நிகழ்ந்தது. அதிகாலை ஐந்து மணிக்கு எழுக, குறிக்கோளைக் கொப்பியில் எழுதுக, வெற்றியை மனக்கண்ணிற் காண்க என்று பேச்சாளர் வரிசைப்படுத்தினார். கேள்வி நேரத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், நான் நாலு மணிக்கே எந்திரிச்சிடுவேன். பீலியில தண்ணி புடிக்கணும். அம்மா மலைக்குப் போறதுக்கு முன்னால ரொட்டி சுட்டுக் குடுக்கணும். தம்பியக் கிளப்பணும். அப்புறம் எந்த நேரத்தில சேர் எழுதுறது?” என்று கேட்டாள். மண்டபம் அமைதியாயிற்று. “சாக்குச் சொல்லும் மூளை ஒருபோதும் வளராது” என்பது அவருக்குக் கிடைத்த விடை. பிள்ளைகள் கைதட்டினர். அந்த மாணவி உட்கார்ந்துவிட்டாள். நாமும் வாய்திறவாது இருந்தோம். அன்று சொல்லத் தவறியதையே இன்று எழுதுகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். மூளை பயிற்சியால் மாறும் என்பதை நாம் மறுக்கவில்லை. அது விஞ்ஞானம் நிறுவிய உண்மை. லண்டன் மாநகரில் வாடகைக்கார்ச் சாரதியாக அனுமதி பெற விரும்புவோர் சுமார் 25,000 வீதிகளை மனத்திற் பதித்துப் பரீட்சையில் தேறவேண்டும். அத்தகைய பயிலுநர் 79 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து ஆராய்ந்து 2011 இல் வெளியிட்ட முடிவின்படி, தேறிய 39 பேரின் மூளையில் இடஞ்சார்ந்த நினைவுக்குரிய பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களிடம் அவ்வளர்ச்சி காணப்படவில்லை. ஜெர்மனியில் மூன்று பந்துகளை மாறிமாறி எறிந்து பிடிக்கக் கற்றவர்களை ஆராய்ந்தோர், மூன்று மாதப் பயிற்சியின்பின் அவர்களுடைய மூளையின் ஒரு பகுதி பருத்திருக்கக் கண்டு 2004 இல் அதனை வெளியிட்டனர். பயிற்சியை நிறுத்தியதும் அப்பருமன் மீளக் குறைந்தது.

ஆம், மூளை பழகும். வளர்ந்தவர் மூளை கல்லன்று. ஆனால் இவ்வாய்வுகளை மேடையில் எடுத்துக்காட்டுவோர் அவற்றின் மறுபாதியை ஏன் விழுங்கிவிடுகின்றனர்? லண்டனிலே தேறியவர்கள் வீதிகளை மனக்கண்ணிற் கண்டதனால் தேறவில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் தெருத்தெருவாக அலைந்து கற்றனர். மேலும், தேறியவர்கள் தேறாதவர்களைவிட வாரந்தோறும் கூடுதலான மணிநேரம் பயின்றவர்கள் என்பதையும் அதே ஆய்வு கூறுகின்றது. எனவே கேள்வி மூளையைப் பற்றியதாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அந்த மணிநேரம் யாருக்குக் கிடைக்கின்றது என்பதும் கேள்வியாகின்றது. நேரம் என்பது சமுதாயத்திற் காணியைப்போலவே பங்கிடப்பட்டிருக்கின்றது. சிலருக்கு ஏக்கர் கணக்கில் உண்டு. பலருக்குக் குடிசை போடவும் இடமில்லை.

இருபத்தொரு நாளிற் புதிய பழக்கம் உண்டாகும் என்பது இவ்வேதத்தின் மற்றொரு சுலோகம். 1960 இல் மக்ஸ்வெல் மால்ற்ஸ் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர், சிகிச்சையால் மாறிய தம் முகத்தோடு நோயாளர் பழகுவதற்குக் குறைந்தது இருபத்தொரு நாள் செல்கின்றது என்று எழுதினார். அவர் கண்ட ‘குறைந்தது’ பிற்காலத்துப் பேச்சாளர் வாயில் உதிர்ந்துபோயிற்று. லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009 இல் வெளியான ஆய்வோ, ஒரு செயல் பழக்கமாவதற்கு 18 முதல் 254 நாள் வரை செல்லலாம் என்றும், நடுவளவு 66 நாள் என்றும் கண்டது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது ஒன்றுண்டு. அவ்வாய்விற் கலந்துகொண்டோர் தாம் தெரிந்த செயலை அன்றாடம் தவறாது வரும் ஒரு வேளையோடு, காலையுணவின்பின் என்பதுபோல, பிணைத்துக்கொண்டனர். பழக்கம் வேர்விடுவதற்கு நிலையான அன்றாடம் ஒன்று வேண்டும். கட்டுநாயக்காவில் 1978 இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயத்தின் தையற்சாலைகளில் வேலைமுறை மாறிமாறி உழைக்கும் பெண்ணுக்கு நிலையான வேளை எது? அறுவடையை நம்பிக் கடன்பட்டவனுக்கு நிலையான மாதம் எது? உறுதியற்ற வாழ்வை ஒருபுறம் திணித்துவிட்டு, மறுபுறம் உறுதியான பழக்கம் இல்லையே என்று கடிந்துகொள்வது எந்த நியாயம்?

கடன்பட்டவனைப் பற்றிச் சொன்னோம். தமிழ்நாட்டிலே விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நிகழ்ந்த ஆய்வு 2013 இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன்னர் கையில் காசில்லாத காலத்தில் ஒருமுறையும், அறுவடைப் பணம் வந்தபின் ஒருமுறையும் அதே மனிதருக்கு அறிவுத்திறன் சோதனைகள் வைக்கப்பட்டன. அறுவடைக்கு முன்னரான காலத்திலேதான் அவர்களுள் அடகும் கடனும் பெருகியிருந்தன. அதே ஆள், அதே மூளை. ஆயினும் காசு வந்தபின் விடைகள் சிறந்திருந்தன. வறுமையின் கவலை சிந்தனையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது என்பது ஆய்வாளர் கொண்ட முடிவு. பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் யாவும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் நேர்மையோடு கூறவேண்டும். எனினும், அடுப்பில் உலை வைக்க அரிசியில்லாத தாய்க்கு இது புதிய கண்டுபிடிப்பன்று.

மன அடக்கமே வெற்றியின் வித்து என்போர் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகச் சோதனையை எடுத்துக்காட்டுவர். ஓர் இனிப்பை உடனே தின்னாது காத்திருந்தாற் பின்னர் இரண்டு தருவோம் என்று பாலர்களிடம் கூறி, யார் காத்திருக்கின்றனர் எனப் பார்த்தனர். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்திற் படிப்பிற் சிறந்தனர் என்பது உலகெங்கும் பரவிய கதை. ஆனால் 900 இற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு 2018 இல் வெளிவந்த மறு ஆய்வில் அத்தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பத்தின் நிலைமையையும் கணக்கிற் கொண்டபோது எஞ்சியதிலும் பெரும்பகுதி மறைந்தது. நாளைக்கு நிச்சயமாக இனிப்பு உண்டு என்று அறிந்த வீட்டுப் பிள்ளை காத்திருக்கும். வாக்குறுதிகள் பொய்த்துப்போன வீட்டுப் பிள்ளை கையிற் கிடைத்ததை உண்ணும். இதனை அடக்கமின்மை என்பதா, அனுபவம் என்பதா?

இனி, பழக்கத்தின் புகழ்பாடும் இந்தத் தத்துவத்தின் பூர்வீகத்தைச் சிறிது நோக்குவோம். உளவியலின் முன்னோடியான வில்லியம் ஜேம்ஸ், 1890 இல் வெளிவந்த தமது பெருநூலிற் பழக்கத்தைப் பற்றி எழுதும்போது, சமுதாயத்தை உள்ளபடியே காக்கும் பெருஞ்சக்தி அதுவே என்றார். சுரங்கத் தொழிலாளியை இருளிலும் மீனவனைக் கடலிலும் நிறுத்துவதும், செல்வர் பிள்ளைகளை ஏழைகளின் கிளர்ச்சியினின்று காப்பதும் பழக்கமே என்பது அவர் கருத்து. இன்றைய பேச்சாளர்களிடம் இல்லாத வெளிப்படை அவரிடம் இருந்தது. நெப்போலியன் ஹில், எண்ணத்தாற் செல்வராகலாம் என்ற நூலை வெளியிட்டது 1937 இல், அமெரிக்காவை வேலையின்மை வாட்டிய காலத்தில். தொழிற்சாலைக் கதவு அடைபட்டபோதுதான் மனக்கதவைத் திறக்கும் உபதேசம் பிறந்தது!

இவர்களுக்கெல்லாம் மூதாதை, தன்னுதவி பற்றி 1859 இல் நூலெழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ். அந்நூல் பிறந்த கதை சுவையானது. இங்கிலாந்தின் வடபகுதியில் உழைக்கும் இளைஞர் சிலர் மாலை வேளைகளில் ஒருவருக்கொருவர் எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தொடங்கினர். தொகை பெருகவே, முன்னர் கொலரா நோயாளருக்கான தற்காலிக மருத்துவமனையாயிருந்ததனால் எவரும் விரும்பாத ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்தனர். அங்கே பேசும்படி அவர்கள் அழைத்தபோது ஆற்றிய உரைகளே பின்னர் நூலாயின. தன்னுதவியின் தாய்வீடு ஒரு கூட்டுப் படிப்பகம்! ‘நாம்’ என்று கூடியிருந்தோரின் முயற்சியிலிருந்து ‘நான்’ என்ற தத்துவம் கறந்தெடுக்கப்பட்டது. பாலைக் கொண்டுபோனார்கள். பசுவை மறந்துவிட்டார்கள்.

எண்ணமும் பழக்கமும் உண்மையில் எவ்வாறு மாறுகின்றன என்பதற்கு எமது மண்ணே சாட்சி. யாழ்ப்பாணத்திற் சில பிள்ளைகள் வாங்கில் அமர்வதும் சில பிள்ளைகள் நிலத்தில் அமர்வதும் தலைமுறை தலைமுறையாக ஊறிய பழக்கம். 1930 ஐ ஒட்டி, அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டும் என்ற விதி செயற்படத் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பு, பாடசாலைக் கட்டடங்களுக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போயிற்று. 1957 இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் பழக்கம் போகவில்லை. 1966 ஒக்ரோபர் 21 இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க்கடைகளில் தனிப் பாத்திரத்துக்கு எதிராகவும், 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாசலிலும் மக்கள் போராடினர். தனிப் பாத்திரத்தை நீட்டிய கை, ஒரு காலைப்பொழுதில் தன் எண்ணத்தைத் தானே திருத்திக்கொண்டு சமப் பாத்திரத்தை நீட்டவில்லை. நீட்டியே ஆகவேண்டும் என்ற நிலையைப் போராடியவர்கள் உண்டாக்கினர். நீட்டி நீட்டிக் கை பழகியது. அப்பழக்கத்தின் பின்னாலே மனமும் சிறிது சிறிதாக அசைந்தது. இன்னும் அசையவேண்டிய மனங்கள் எத்தனையோ உள!

இலவசக் கல்வியும் அப்படியே. 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் அது நடைமுறைக்கு வந்ததன்பின், முன்னர் பாடசாலை வாசலையே மிதித்திராத வீடுகளில் வாசிக்கும் பழக்கம் உண்டாயிற்று. அவ்வீட்டார் மூளை 1944 இல் ஒருவிதமாகவும் 1946 இல் வேறுவிதமாகவும் இருந்ததா? வாசல் திறந்தது. கால்கள் நடந்தன. மூளை பழகியது.

“அப்படியானால் சமுதாயம் மாறும்வரை ஏழைப் பிள்ளை படியாதிருக்க வேண்டுமா?” என்று எம்மைக் கேட்போர் உளர். கேட்கத்தக்க கேள்விதான். எமது விடை ஐயத்துக்கு இடமற்றது. படிக்கவேண்டும். ஒழுங்காக, நாள்தோறும், பிடிவாதமாகப் படிக்கவேண்டும். உழைக்கும் மக்களுக்கு ஒழுங்கும் கட்டுப்பாடும் வேண்டியதில்லை என்று எந்த முற்போக்காளனும் சொன்னதில்லை. வேலைநிறுத்தம் ஒன்றை நடத்திப் பார்த்தவனுக்குத் தெரியும், கட்டுப்பாட்டின் அருமை. நாம் எதிர்ப்பது பழக்கத்தையன்று. அதனை ஒருவனுடைய தனிச்சொத்தாகவும், அது இல்லாமையை அவனுடைய தனிக்குற்றமாகவும் காட்டும் பொய்யையே எதிர்க்கின்றோம்.

ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் விளக்கில்லாத பிள்ளைக்குப் பாடசாலையின் ஒரு வகுப்பறையை மாலையில் இரண்டு மணிநேரம் திறந்துவையுங்கள். மேசையும் வெளிச்சமும் ஒரே வேளையும் அமைந்தாற் பழக்கம் தானே வேர்கொள்ளும். முந்திக் கற்றவன் பிந்தியவனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பசியோடு வரும் பிள்ளையின் கவனக்குறைவை மனவலிமைக் குறைவென்று எழுதாதீர்கள். பாடசாலை உணவுக்காக வாதாடுங்கள். மாணவத் தோழர்களே, மூளையைப் பழக்குங்கள். அதற்குக் கணிதத்தையும் மொழியையும் மட்டுமன்றி, ‘இது ஏன் இப்படி இருக்கின்றது’ என்று கேட்பதையும் பழக்குங்கள். எல்லாப் பழக்கங்களிலும் ஆள்வோர் அஞ்சுவது அந்த ஒன்றையே.

2021 மார்ச்சிலே தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாவாக உயர்ந்தது. அது எவருடைய கொப்பியில் எழுதிய குறிக்கோளாலும் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் வீதிக்கு இறங்கிக் கேட்டவர்களின் குரலால் வந்தது. அம்மண்டபத்திற் கேள்வி கேட்ட மாணவியின் தாய்க்கு இது தெரியும். மகளும் அறிவாள். அன்று அவள் சொன்னது சாக்கு அன்று, கணக்கு. ஒரு நாளின் இருபத்துநான்கு மணிநேரத்தைப் பங்கிட்டுக் காட்டி, மீதி எங்கே என்று கேட்டாள். வளர்ந்த மூளை அதுவே. அதற்கு விடை சொல்லும் கடமை அவளுடையதன்று, எம்முடையது.