லைட்டை அணைச்சது போதும், பில்லை வாசியுங்கோ

எங்கள் வீட்டில் கறண்ட் பில் வந்தால் சண்டை வரும். அப்பா கடிதத்தைத் திறப்பார், கடைசித் தொகையை மட்டும் பார்ப்பார், உடனே குசினிப் பக்கம் திரும்பி, "ஆர் லைட்டை எரிய விட்டது?" என்பார். அம்மா எங்களைப் பார்ப்பா. நாங்கள் ஃபோனைப் பார்ப்போம்.

இது பொய்ச் சண்டை. கணக்கைப் பாருங்கோ. 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் ஒன்றை நாளுக்கு 5 மணித்தியாலம் வருடம் முழுக்க எரித்தால் ஏறக்குறைய 16 யூனிற். ஒரு யூனிற்றை 20 சதம் என்று வைத்தால் வருடத்துக்கு 3 யூரோ சொச்சம். எபினேயில் எத்தனையோ வாடகை வீட்டுச் சுவர்களில் இருக்கும் பழைய 1500 வாட் ஹீட்டர் அதே காசை 11 மணித்தியாலத்தில் தின்றுவிடும். அம்மாவின் ரைஸ் குக்கரை விடுங்கோ, அது பாவம்.

மேலிடத்திலும் இதே கதைதான். 2022 செப்டெம்பரில் பொருளாதார அமைச்சராக இருந்த புருனோ லு மேர், இனி டை கட்டாமல் கழுத்து மூடின சுவெட்டர் போடப் போவதாக வானொலியில் சொன்னார். எங்கள் அம்மா ஜன்னலால் வரும் குளிருக்கு வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டு எத்தனை வருடம்! அவவை ஒருவரும் வானொலிக்குக் கூப்பிடவில்லை. அந்த ஜன்னலை மாற்ற வேண்டியவர் வீட்டுக்காரர். எரிசக்தித் தரத்தில் 'ஜி' வாங்கின வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட 2025 ஜனவரி 1 முதல் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 'எஃப்' வீடுகளுக்கு 2028. உங்கள் வீட்டின் எழுத்து எது? வாடகை ஒப்பந்தத்தோடு தரும் கடதாசிகளில் இருக்கும். தேடிப் பாருங்கோ.

இன்னொரு வேடிக்கை. எங்கள் அப்பாக்கள் பழைய பில் ஒன்றையும் எறிய மாட்டார்கள். பிரெபெக்தூருக்கு இருப்பிட அத்தாட்சி வேண்டுமே! ஃபைல் ஃபைலாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கோ.

அதனால்தான் கதவைத் தட்டுகிறவனுக்கு எங்கள் வீடு சுகமான வீடு. ஒருநாள் ஒருவன் வந்து, லிங்கி மீற்றரைப் பார்க்க வேண்டும், ஒரு பில்லைக் காட்டுங்கோ என்றானாம். "நல்ல மரியாதையாக் கதைச்ச பெடியன்" என்று அம்மா சொன்னா. பில்லில் இருந்த 14 இலக்க எண்ணை எழுதிக்கொண்டு, டாப்லெட்டில் கையெழுத்தும் வாங்கிப் போய்விட்டான். அடுத்த பில் வேறு கம்பனியில் இருந்து, கூடின விலையில். ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம். நான் பார்த்தது இரண்டு மாதம் கழித்து. பிறகு அரசு நிர்ணயித்த விலைக்கே திரும்பினோம். அதற்கு எப்போதும் வழி உண்டு.

பிழை அம்மாவில் இல்லை. லீசேயில் ஒவ்வொரு கவிதைக்கும் நாலு பக்கம் விளக்கம் எழுதின நான், வீட்டுப் பில்லின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

'ஷெக் எனெர்ஜி' என்று ஒரு உதவி இருக்கிறது. வருமானத்தைப் பொறுத்து 48 முதல் 277 யூரோ வரை. அதற்கு வரி அறிக்கை கொடுத்திருக்க வேண்டும். தானாக வராமல் நாங்களே விண்ணப்பித்தால், கறண்ட் ஒப்பந்தம் வீட்டில் ஒருவரின் பெயரில் இருப்பதையும் காட்ட வேண்டும். ஒரு வீட்டில் மூன்று பேருக்கு அறை விட்டு, பில்லைப் பங்கு போட்டுக் காசு வாங்கிக்கொண்டு, பெயரை மட்டும் தன்னோடு வைத்திருக்கும் எங்கடை ஆட்களே, அந்தப் பெடியளுக்கு உதவியும் இல்லை, அத்தாட்சியும் இல்லை. லாச்சப்பலில் கண்டால் "தம்பி, சுகமோ?" என்று மட்டும் கேட்கிறீர்கள்.

கடைசியாக, கட்ட முடியாமல் போனால் ஒளிக்க வேண்டாம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குடியிருக்கும் வீட்டில் கறண்ட்டை வெட்ட முடியாது. கடன் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே ஏப்ரலுக்கு முன்னம் நகரசபையின் சமூக உதவிப் பிரிவுக்குப் போங்கோ, அம்மாவோடு நீங்களும் போங்கோ. அங்கே பிரெஞ்சில் கதைக்க வேண்டியது நீங்கள்தான்.