கண் திறந்தால் மயக்கம் தெளிந்துவிட்டதா?

வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் பத்து நிமிடம்கூட ஆகாது. பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு அரைமணி நேரம் போல ஆகும். சரி, அதற்காகப் போடும் மயக்க ஊசியின் கிறக்கம் இறங்க எவ்வளவு நேரமாகும்? சோதனைக்குப் போகிறவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. ஆனால் கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

பல வருடங்களாகப் புழக்கத்தில் இருப்பது மிடசோலம், ஃபென்டனில் ஜோடி. மிடசோலம் பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் வரவைக்கும். ஃபென்டனில் வலியைப் போக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வேலையை இன்னொன்று கூட்டிவிடும், அதனால் குறைந்த அளவே போதும். ஆனால் தூக்கம் கூடுவது போலவே மூச்சு மந்தமாவதும் கூடும். இந்த இரண்டு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதில் உள்ள ஆபத்து பற்றி, மருந்துக் குறிப்பிலேயே கடுமையான எச்சரிக்கை போடச்சொல்லி 2016-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. உத்தரவிட்டது.

அடுத்தது ப்ரோபோஃபால். பார்க்கப் பால் மாதிரி இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் தூங்கவைக்கும், நிறுத்தினால் சில நிமிடங்களில் விழிப்பு வந்துவிடும், தலையும் சீக்கிரம் தெளியும். அப்படியானால் எல்லோருக்கும் இதையே போடலாமே? அங்கேதான் சிக்கல். இதற்கு முறிவு மருந்து கிடையாது. லேசான தூக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. மூச்சைக் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் நிற்கவேண்டும். 2009-ல் மைக்கேல் ஜாக்சன் இறந்ததும், சரியான கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் வைத்து இதே மருந்து கொடுக்கப்பட்டதால்தான். கொஞ்சம் மிடசோலம் சேர்த்தால் ப்ரோபோஃபாலின் அளவைக் குறைக்கலாம். மிடசோலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சீக்கிரம் தெளிகிற லாபம் போய்விடும்.

மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில் என்ற முறிவு மருந்து உண்டு. ஆனால் மிடசோலத்துக்கு முன்பே அதன் வேலை முடிந்துவிடலாம். எழுந்து உட்கார்ந்தவர் மறுபடி கிறங்கிப்போகலாம். அவசரத்துக்கு அது உயிர் காக்கும். கட்டிலைக் காலி செய்வதற்காக அதைப் போடுவது தவறு.

வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்கப் பல இடங்களில் 1970-ல் வந்த ஆல்டிரீட் ஸ்கோரைப் பயன்படுத்துகிறார்கள். கைகால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், விழிப்பு, ஆக்ஸிஜன் என ஐந்து விஷயங்கள். பத்துக்கு ஒன்பது வந்தால் பாஸ். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஞாபகம் எங்கே? மிடசோலம் உடம்பில் வேலை செய்யும்போது புதிதாகக் கேட்பது எதுவும் மனதில் தங்காமல் போகலாம். நோயாளி உட்காருவார், பேசுவார், தலையாட்டுவார். "புண் இருக்கு, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம், இந்த மாத்திரையை நிறுத்துங்க" என்று டாக்டர் சொல்வார். சாயங்காலம் கேட்டால் ஒன்றும் நினைவில்லை! 24 மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்ற அறிவுரையும் அந்த நிலையில்தான் அவர் காதில் விழுகிறது.

ஆகவே, தெளிவதற்கான நேரத்தை எழுந்து நிற்கும் வரை மட்டும் கணக்கிடுவது போதாது. சொன்னது மனதில் தங்கும் வரை கணக்கிடவேண்டும். எந்த மருந்து, எத்தனை மணி நேரம் என்பதை ஊசிக்கு முன்பே சொல்லவேண்டும். முடிவை எழுதிக் கொடுத்து, கூட வந்தவரிடமும் விளக்கவேண்டும். வயிற்று எண்டோஸ்கோப்பி மட்டும் என்றால் தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்தாலே பலருக்குப் போதும் என்பதையும் மறைக்கக்கூடாது. 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெமிமசோலம் உடம்பில் வேகமாகச் சிதைந்துவிடும், அதற்கு ஃப்ளூமசெனிலும் கேட்கும். நல்ல வரவுதான். ஆனால் எவ்வளவு நல்ல மருந்து வந்தாலும், அரைத்தூக்கத்தில் இருப்பவரிடம் ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு "சொல்லிட்டோம்" என்று கணக்கு முடிக்கிற பழக்கத்தை மனிதர்கள்தான் மாற்றவேண்டும்.