கொலைகாரனுக்கும் ஒரு வக்கீல்

துப்பறியும் கதைகளிலும் குற்றப் படங்களிலும் நமக்குள்ள பிரியத்தை ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. தமிழருக்கு அது பரம்பரைச் சொத்து. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்த நாவல்களை, 'உருப்படாத புஸ்தகம்' என்று பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிய பெரியவர்கள், அன்றிரவே விளக்கருகில் அமர்ந்து தாங்கள் படித்து முடித்த நாடு இது. வடுவூராரின் திகம்பர சாமியார் 1950-இல் படமாக வந்தபோது, எம். என். நம்பியார் வேடத்தின் மேல் வேடம் புனைந்து கொட்டகைகளைக் கலகலக்கச் செய்தார். ஆகவே குற்றப் படங்களே கூடாது என்று உபதேசம் செய்ய நாம் முன்வரவில்லை. அவற்றில் தேர்ந்தவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ரசிகர் கூட்டத்தில் நாமும் சேர்ந்தவர்.

நமது புகார் வேறு. சில காலமாக வரும் படங்கள் பலவற்றில் ஒரே முடிவைத்தான் காண்கிறோம். கதாநாயகன் போலீஸ் அதிகாரி. கொடிய குற்றம் ஒன்று நடக்கிறது. அவர் ஆளைப் பிடிக்கிறார். மாஜிஸ்திரேட்டு, சாட்சி, விசாரணை, தீர்ப்பு ஆகிய யாவும் கோழைகளின் தொழில் என்று ஒரு வசனம் பேசுகிறார். பிறகு ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டுத் தள்ளுகிறார். கொட்டகை முழுதும் எழுந்து நின்று சீட்டியடிக்கிறது. அந்தச் சீட்டியைப் பற்றித்தான் இன்று எழுதத் துணிந்தோம்.

1931-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் என்பவர் ஒரு படம் எடுத்தார். அதன் பெயர் 'எம்' என்ற ஒற்றை எழுத்து; கொலைகாரன் என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. பெர்லின் நகரில் சிறு குழந்தைகளை ஒருவன் கொன்று வருகிறான். முதற் காட்சியிலேயே ஒரு தாய் சோறு படைத்துவிட்டு மகள் பள்ளியிலிருந்து வரக் காத்திருக்கிறாள். குழந்தை வரவில்லை. கொலையை லாங் காட்டவேயில்லை. குழந்தையின் பந்து புல்லில் உருண்டு நிற்கிறது, அவளுக்கு வாங்கிக் கொடுத்த பலூன் கம்பியில் சிக்கித் தவிக்கிறது. இரத்தத்தைக் குடங் குடமாகக் கொட்டும் இக்காலத்துப் படக்காரர்கள் இந்த இரண்டு நிமிஷங்களை ஒரு முறை பார்ப்பது நன்று.

நகரம் வெறி கொள்கிறது. ஒரு சிறுமிக்கு மணி சொன்ன குற்றத்திற்காக அப்பாவிக் கிழவர் ஒருவரைத் தெருவே சூழ்ந்துகொள்கிறது. போலீஸார் இரவு பகலாகச் சோதனை போடுவதால் திருடர்களுக்குத் தொழில் நடக்கவில்லை. எனவே அவர்களே சங்கம் கூடி, நகரத்துப் பிச்சைக்காரர்களை ஒற்றர்களாக நிறுத்தி, அவனைத் தேடுகிறார்கள். அவன் வழக்கமாக வாயால் ஊதும் ராகம் ஒன்றைக் கொண்டு, கண்ணில்லாத பலூன்காரர் ஒருவர் அவனை அடையாளங் கண்டுவிடுகிறார். (கொலைகாரனாக நடித்த பீட்டர் லோர்ருக்குச் சீட்டியடிக்க வராதாம், படத்தில் நாம் கேட்பது லாங் தாமே ஊதியது.)

பிறகு வருவது உலக சினிமாவில் நாம் அறிந்த மிகச் சிறந்த நியாயஸ்தலக் காட்சி. ஆனால் அது நியாயஸ்தலம் அன்று. பாழடைந்த சாராய ஆலையின் நிலவறை. நீதிபதியின் ஸ்தானத்தில் இருப்பவனே கொலைக் குற்றங்களுக்காகப் போலீஸார் தேடும் ஆள். கூட்டம் முழுதும் 'கொல்லு, கொல்லு' என்று கத்துகிறது. அகப்பட்டவனோ, தன்னைத் துரத்தும் ஏதோ ஒன்று தன்னுள்ளேயே இருப்பதாகவும், தான் செய்வது தன் வசத்தில் இல்லையென்றும் தரையில் விழுந்து கதறுகிறான். அவன் நல்லவன் என்று லாங் ஒரு கணமும் சொல்லவில்லை. அவனுக்காக நம்மை அழச் சொல்லவும் இல்லை. அப்போது, திருடர்கள் கேலிக்காக நியமித்த வக்கீல் எழுகிறார். தன் செயலுக்குத் தான் பொறுப்பில்லாதவனைக் கொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது, தலைமை வகிப்பவருக்கோ சிறிதும் கிடையாது, இவனைச் சர்க்காரிடம் ஒப்படையுங்கள் என்று அவர் வாதாடுகிறார். சிரிப்பும் கூச்சலும் அவரை மூழ்கடிக்கின்றன, அவர் உட்காரவில்லை. கூட்டம் பாயப் போகும் தறுவாயில் போலீஸார் வந்து, சட்டத்தின் பெயரால் அவன் தோளில் கை வைக்கிறார்கள்.

அந்தத் தேசத்துக்கு அப்புறம் நேர்ந்ததை நேயர்கள் அறிவார்கள். 1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். லாங்கும், யூதரான லோர்ரும் அவ்வாண்டே நாட்டை விட்டு வெளியேறினார்கள். 1934-இல் நாஜிகள் 'எம்' படத்தைத் தடுத்தார்கள். மக்கள் நீதிமன்றம் என்ற பெயரில், அப்பீலே இல்லாத கொலைக்களம் ஒன்றை ஏற்படுத்தியதும் அதே ஆண்டில்தான். 1940-இல் யூத துவேஷப் பிரசாரப் படமொன்று தயாரித்தபோது, லோர் கதறும் காட்சியை மட்டும் இதிலிருந்து வெட்டியெடுத்து அதில் ஒட்டிக்கொண்டார்கள். அந்த வக்கீலின் பேச்சு அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

1957-இல் சிட்னி லூமெட் எடுத்த 'பன்னிரண்டு கோபக்காரர்கள்' என்னும் அமெரிக்கப் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். தந்தையைக் குத்திக் கொன்றதாக ஒரு பையன் மீது வழக்கு. ஒரே அறை, பன்னிரண்டு ஜூரர்கள், ஒன்றரை மணி நேரம். முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் 'குற்றவாளி' என்கிறார்கள். ஒருவர் மட்டும், சற்றுப் பேசிப் பார்ப்போமே என்கிறார். தொழில் முறையில் நமக்கு இப்படத்தின் மேல் ஓர் ஆக்ஷேபம் உண்டு. அந்த ஜூரர் தாமே கடையில் ஒரு கத்தி வாங்கி வந்து மேஜை மேல் குத்தி நிறுத்துகிறாரே, உண்மையான நியாயஸ்தலத்தில் அது பெரும் முறைகேடு. ஜூரர் சாட்சியம் தேடப் புறப்படலாகாது. ஆனால் இப்படத்தின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. பையன் கொன்றானா இல்லையா என்பதை அது கடைசி வரை சொல்வதில்லை. துப்பறியும் கதைகளில் ஊறிய ரசிகனுக்கு இது பெரிய ஏமாற்றமாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை. சந்தேகத்தின் பலன் என்று சட்டப் புஸ்தகத்தில் உலர்ந்து கிடந்த சொல்லுக்கு அந்தப் படம் உடலும் வியர்வையும் கொடுத்துவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டில், ஹிட்ச்காக் 'தவறான மனிதன்' என்ற படத்தை எடுத்தார். நியூயார்க்கில் உண்மையாகவே நடந்த சம்பவம் அது. இரவு விடுதியில் வாத்தியம் வாசிக்கும் சாது மனிதர் ஒருவரை, கொள்ளைக்காரன் என்று சில பெண்கள் அடையாளம் காட்டிவிடுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனமார நம்பியே சொன்னார்கள். கடைசியில் உண்மைக் கள்ளன் பிடிபடுகிறான். அதற்குள் அம்மனிதரின் மனைவிக்குச் சித்தம் கலங்கிவிட்டது. நம் ஊர்ப் படத்து அதிகாரியிடம் அந்த வாத்தியக்காரர் அகப்பட்டிருந்தால், உண்மைக் கள்ளனைத் தேடும் வேலையே எவருக்கும் இருந்திராது.

இதெல்லாம் அயல்நாட்டுக் கதை என்று தள்ளுவோருக்கு நம் சென்னையின் கதையை நினைவூட்டுகிறோம். 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்ற அவதூறுப் பத்திரிகைகளை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தப்பட்டு மாண்டார். அந்தப் பத்திரிகைகள் நம் தொழிலுக்கே மாசு; எனினும் ஒருவரைக் குத்திக் கொல்வதற்கு அது நியாயமாகிவிடாது. எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945-இல் ஜூரர்கள் குற்றவாளிகள் என்றார்கள். தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட்டில் செய்துகொண்ட அப்பீல் தள்ளுபடியாயிற்று. பிராட்வே கொட்டகையில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருக்க, அதில் பாடியவர் சிறையில் இருந்தார். பிறகு லண்டன் பிரிவி கௌன்ஸில் வழக்கைத் திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் ஹைகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. பாகவதரின் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. 1959-இல் அவர் காலமானார். நீதி தாமதித்தும் தடுமாறியும் வந்தது. ஆயினும் அப்பீல் என்ற ஒன்று இருந்ததால் வந்தது. துப்பாக்கிக் குண்டின் மேல் அப்பீல் செய்துகொள்ள எந்தக் கோர்ட்டில் இடமுண்டு?

தமிழ்ப் படவுலகுக்கும் இந்தப் பொறுமை ஒரு காலத்தில் தெரிந்தேயிருந்தது. 1954-இல் வீணை எஸ். பாலச்சந்தர் இயக்க, ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்' அதற்குச் சாட்சி. பாட்டில்லை, கூத்தில்லை. 1943-இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய சமயம் ரேடியோ என்ஜினீயர் ஒருவர் சுடப்பட்டுக் கிடக்கிறார். சுட்டது யார்? ஒவ்வொருவரும் வேறொருவரைச் சுட்டிக் கதை சொல்ல, ஜாவர் சீதாராமன் ஏற்ற ஸி.ஐ.டி. அதிகாரி கேட்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார். விடையைச் சொல்லிவிடும் பாதகத்தை நாம் செய்யமாட்டோம். தேசத்தின் மேல் பற்றுள்ளவர்கள் அதைக் கட்டாயம் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்றும் அந்தச் சரடு முற்றும் அறுந்துவிடவில்லை. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' என்னும் நூலைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை'யில், குண்டூரில் கூலி வேலை செய்யும் தமிழர்களை, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி போலீஸார் அடிக்கிறார்கள். 2024-இல் வந்த 'வேட்டையன்', தான் சுட்டவன் நிரபராதி என்று அறியும் அதிகாரியின் கதை. ரஜினிகாந்தின் ரசிகர்கள் எதிர்பார்த்துச் சென்றது அதுவாக இராது, ஆயினும் அவர் அந்த வேஷத்தை ஏற்றது நமக்குத் திருப்தி. ஆனால் பத்துப் படங்களுக்கு இப்படி ஒன்றென்றால் மிச்சம் ஒன்பதும் சீட்டிக்காகவே எடுக்கப்படுகின்றன.

'படந்தானே ஐயா, பார்த்தோம் போனோம்' என்பார்கள். படத்துக்கு அவ்வளவு சக்தி இல்லையென்றால், 1939-இல் வெளிவந்த 'தியாகபூமி'யை வெள்ளைக்காரச் சர்க்கார் ஏன் தடுத்தது? கொட்டகையில் பழகிய கை தெருவிலும் தட்டுகிறது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பெண் வைத்தியர் ஒருவரைக் கெடுத்துக் கொன்றதாகக் கைதான நால்வரைப் போலீஸார் விடியற்காலையில் சுட்டுக் கொன்றபோது, ஜனங்கள் போலீஸார் மீது பூமாரி பொழிந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு நியமித்த விசாரணைக் கமிஷனின் அறிக்கை 2022-இல் வெளியாயிற்று. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்றும், மாண்டவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் அது கூறியது. அவர்கள் குற்றவாளிகள்தாமா? எந்த நியாயஸ்தலமும் இனி அதைச் சொல்ல இயலாது. அந்தப் பெண்ணின் பெற்றோருக்கும் நிரூபிக்கப்பட்ட உண்மை கிட்டாமலே போயிற்று.

ஜனங்களின் கோபம் பொய்யன்று. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன; சாட்சிகள் பிறழ்கிறார்கள்; பணமுள்ளவன் வாய்தா வாங்கியே காலத்தைக் கடத்துகிறான். இவற்றை நியாயஸ்தலங்களில் நேரிற் கண்ட நமக்கு ஜனங்களின் அலுப்பு நன்றாகப் புரிகிறது. அதற்குப் பரிகாரம் கூடுதல் நீதிபதிகள், தேர்ந்த தடய ஆய்வுச் சாலைகள், சாட்சிகளுக்குப் பாதுகாப்பு. இவற்றுக்குப் பணம் வேண்டும், உழைப்பும் வேண்டும். தோட்டா மலிவு, அதிகாரத்தில் இருப்போருக்கு அதன் மேல் ஆசை வருவதற்கு அதுவே காரணம். இன்று ரவுடி மேல் பாய்ந்த தோட்டா, நாளை ஆள்வோருக்குப் பிடிக்காதவன் மேல் பாயாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

போலீஸாரிடம் செய்யும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி வைத்தது வெள்ளைக்காரச் சர்க்காரே. புதிதாக 2023-இல் இயற்றிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி நிலைத்திருக்கிறது. அதே வெள்ளையர் 1919-இல் ரௌலட் சட்டத்தைக் கொண்டுவந்து, விசாரணையின்றிக் காவலில் வைக்கவும், ஜூரியும் அப்பீலும் இன்றித் தண்டிக்கவும் அதிகாரம் எடுத்துக்கொண்டபோது தேசம் கொந்தளித்தது. தேசமெங்கும் ஹர்த்தால் செய்யும் எண்ணம் காந்தியடிகளுக்கு உதித்தது நம் சென்னையில், ராஜாஜியின் விருந்தினராக இருந்த நாட்களில். கைதான எவரையும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும், அவர் வக்கீல் வைத்துக்கொள்வதை மறுக்கலாகாது என்று நம் அரசியல் சாசனத்தின் 22-ஆவது ஷரத்து சொல்லுவதற்குப் பின்னால் அந்தக் கிளர்ச்சியின் நினைவு இருக்கிறது.

தணிக்கை அதிகாரிகளின் கத்தரிக்கோலை நாம் கோரவில்லை. அது நம் படங்களைப் படுத்தியது போதும். படச் சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு யோசனை மட்டும் சொல்கிறோம். 'எம்' படத்தையும் 'அந்த நாள்' படத்தையும் அடுத்தடுத்த மாலைகளில் திரையிடுங்கள். கட்டணம் வேண்டாம். ஜெர்மன் பேச்சுக்குத் தமிழில் வரி எழுதிச் சேர்ப்பது ஒரு மாணவர் கூட்டத்துக்குச் சில வார வேலை. நிலவறையில் அந்த வக்கீல் எழுந்து பேசும் இடத்தில் யாரேனும் சிரிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நமக்கு எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.