எழும்பாமல் போனவர்களை வைத்து நன்றி சொல்ல வேண்டாம்

"ஒவ்வொரு நாளும் கடவுள் தந்த பரிசு" எண்டு விடியக்காலமை சூரியன் படத்தோட வட்ஸ்அப்பில வாற வசனத்தில எனக்குப் பிரச்சினை இல்லை. நானும் அதை நம்புறன். அதுக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு வாற மற்ற வசனத்திலதான் பிரச்சினை. "நேற்று ராத்திரி படுத்த எத்தனையோ பேர் இண்டைக்கு எழும்பவில்லை, ஆனா உன்னைக் கர்த்தர் எழுப்பினார்." இது ஸ்டேட்டஸோட நிக்கிறதில்லை. செபக்கூட்டத்தில வரும், சாட்சி சொல்லுற நேரம் வரும், வீட்டுச் செபத்திலயும் வரும். கேட்டுக் கேட்டுப் பழகினதால இதில என்ன சொல்லுறம் எண்டு ஒருத்தரும் நிண்டு யோசிக்கிறதில்லை.

அந்த எழும்பாத ஆளும் செபம் பண்ணிப்போட்டுத்தான் படுத்திருப்பார். நான் எழும்பினது எனக்குக் கிடைச்ச பரிசு எண்டா, அவருக்குக் கிடைச்சது என்ன? தண்டனையா? இல்லாட்டிக் கடவுள் அவரை மறந்திட்டாரா? எங்கட நன்றி நிக்கிறதுக்கு ஒரு செத்த ஆள் தேவைப்படுது எண்டா, அந்த நன்றியில ஏதோ பிழை இருக்கு.

இதை நாங்கள் இந்த நாட்டில கட்டாயம் யோசிக்க வேணும். 1995 யூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில அடைக்கலம் தேடி இருந்த சனத்துக்கு மேல குண்டு விழுந்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2004 இல கடல் வந்தது நத்தாருக்கு அடுத்த நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். சீயோனில செத்தவர்களில ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். கடவுளைத் தேடிப் போன இடத்தில செத்தவர்கள் இவர்கள்.

இப்பிடியான ஒரு நாளில, "அண்டைக்கு நான் போகப் பிந்தினது கடவுள் செய்த அற்புதம்" எண்டு ஒருத்தர் சாட்சி சொல்லலாம். தப்பின ஆளின்ர சந்தோசம் உண்மையானது, அதில எனக்குக் குறை சொல்ல ஒண்டும் இல்லை. ஆனா நேரத்துக்குப் போன பிள்ளையின்ர அம்மா அடுத்த வாங்கில இருந்து அதைக் கேட்டா அவவுக்கு எப்பிடி இருக்கும்?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில இதேமாதிரி ஒரு செய்தியோட சிலர் இயேசுவிட்ட வருகினம். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர்களைப் பிலாத்து கொல்லுவிச்சிட்டான். அதாவது வழிபாட்டில நிண்டவர்கள்தான் கொல்லப்பட்டது. செத்தவர்கள் மற்றவர்களை விடப் பெரிய பாவிகள் எண்டு நினைக்கிறீங்களோ எண்டு அவர் திருப்பிக் கேக்கிறார். இல்லை எண்டு அவரே சொல்லுறார். சீலோவாமில கோபுரம் விழுந்து செத்த 18 பேரின்ர கதையையும் தானே எடுத்து, அதுக்கும் இல்லை எண்டுதான் சொல்லுறார். உயிரோட நிக்கிறவையைப் பார்த்து, நீங்கள் தப்பினதால நல்லவர்கள் ஆகிவிடவில்லை, மனம் திரும்புங்கோ எண்டு எச்சரிக்கிறார்.

அதோட விடாமல் உடனே ஒரு கதை சொல்லுறார். திராட்சைத் தோட்டத்தில ஒரு அத்திமரம். மூண்டு வருசமாப் பழம் இல்லை. சொந்தக்காரர் வெட்டச் சொல்லுறார். தோட்டக்காரன், இந்த வருசமும் விடுங்கோ, நான் சுத்திக் கொத்தி எருப் போடுறன் எண்டு கேக்கிறான்.

எனக்கு இந்த ரெண்டு பகுதியையும் சேர்த்து வாசிச்சாத்தான் "பரிசு" எண்ட சொல் விளங்குது. மரம் நல்ல மரம் எண்டதால அந்த வருசம் கிடைக்கவில்லை. பக்கத்து மரத்தை வெட்டி, இதுக்கு மட்டும் கருணை காட்டினதாகவும் கதையில இல்லை. ஒருத்தன் அதுக்காகப் பேசினான், கொத்திறதுக்கும் எருவுக்கும் தான் பொறுப்பெண்டான். நாள் பரிசு எண்டா அது இப்பிடியான பரிசுதான். போட்டியில வெண்டதுக்குக் குடுக்கிற கப் மாதிரி இல்லை.

யாத்திராகமத்தில மன்னாவும் இப்பிடித்தான். ஒரு நாளுக்கு அளவாப் பொறுக்க வேணும். நாளைக்கு எண்டு ஒளிச்சு வைச்சா புழுத்து நாறும். ஓய்வுநாளுக்கு முதல் நாள் மட்டும் ரெண்டு மடங்கு. "அன்றாட உணவு" எண்டு நாங்கள் கடகடவெண்டு சொல்லி முடிக்கிற செபத்திலயும் கேக்கிறது அந்த ஒரு நாள் பங்குதான். அதுவும் "எனக்கு" இல்லை, "எங்களுக்கு".

கம்பஸில நாங்கள் வாழுறது இதுக்கு நேர் எதிரா. 2020 இல கொரோனா, 2022 இல பெற்றோல் வரிசையும் மின்வெட்டும், சோதனை பிந்தி, பட்ச் பிந்தி, எல்லாம் பிந்திப் போச்சு. அதால வாழ்க்கையையும் பிற்போட்டு வைச்சிருக்கிறம். டிகிரி முடியட்டும், வேலை வரட்டும், விசா வரட்டும், பிறகு வாழுவம். கலைப்பீடக்காரருக்கு இந்தப் "பிறகு" இன்னும் நீளம். இதில எங்கட பிழை குறைவு, இந்த நாடு எங்களைக் காத்திருக்கப் பழக்கியிருக்கு. எண்டாலும் காத்திருக்கிற நாளும் நாள்தான். விடுதியில காய்ச்சலோட கிடக்கிற ஆளுக்குக் கஞ்சி வாங்கிக் குடுத்த புதன்கிழமை டிகிரி சான்றிதழில வராது.

நன்றியைப் பற்றிக் கதைச்சா உடனே வாற நல்ல எதிர்க்கேள்வி ஒண்டு இருக்கு. "உள்ளதுக்கு நன்றி சொல்லு" எண்டுறது வாயை மூடப் பண்ணுற வழி இல்லையா? ஓம், பல இடத்தில அதுதான் நடக்குது. சம்பளம் கேக்கிற தோட்டத் தொழிலாளிக்கும் அதைத்தான் சொல்லுறார்கள். 2017 பெப்ரவரியில கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வீதியில இருக்கத் தொடங்கின அம்மாக்களிட்ட, ஒவ்வொரு நாளும் பரிசு எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் பதில் கிடைக்காத இன்னொரு நாள்.

ஆனா காலைதோறும் இரக்கம் புதுசா வருது எண்டு நாங்கள் வாழ்த்து அட்டையில போடுற வசனம் எங்க இருந்து வந்தது? புலம்பல் புத்தகத்தில இருந்து. எருசலேம் இடிஞ்சு, சனம் பட்டினி கிடந்து செத்த பிறகு எழுதினது. ஐந்து அதிகாரமும் அழுகை, அந்த வசனம் சரியா நடுவில, மூண்டாவது அதிகாரத்தில. அதைச் சொன்ன பிறகும் அழுகை நிக்கவில்லை, கடைசி வசனம்கூடக் கடவுள் எங்களை முற்றாக் கைவிட்டிட்டாரோ எண்ட மாதிரித்தான் முடியுது. அட்டை அடிக்கிறவர்கள் முன்னையும் பின்னையும் வெட்டிப்போட்டு நடுவை மட்டும் எடுத்திட்டார்கள். முறைப்பாடும் நன்றியும் ஒரே வாயால வரலாம் எண்டு அந்தப் புத்தகம் விட்டிருக்கு. நீதி கேக்கிற ஆளை "முதல்ல நன்றி சொல்லு" எண்டு அடக்க அதில இடம் இல்லை.

16ஆம் நூற்றாண்டில புனித இஞ்ஞாசியார், முதல்ல போர்வீரனா இருந்த மனுசன், நாளைத் திரும்பிப் பார்க்கிற ஒரு செபமுறையை எழுதி வைச்சார். முதல் படி நன்றி. பிறகு அந்த நாளில எங்க பிழைச்சம் எண்டு மணித்தியாலம் மணித்தியாலமாப் பார்க்கிறது. கத்தோலிக்கர் இல்லாதவர்களும் செய்யலாம், பத்து நிமிசம் போதும். எனக்கு அதில பிடிச்சது, அண்டைக்கு நடந்ததுக்குத்தான் நன்றி சொல்ல வேணும் எண்டது. ஆர் தேத்தண்ணி தந்தது, ஆரோட சண்டை பிடிச்சது, ஆருக்கு மறுமொழி அனுப்பாமல் விட்டது. அந்தக் கணக்குக்குள்ள, நேற்று ராத்திரி எங்கேயோ செத்த ஒருத்தரைக் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை.