பாலை கடந்து வந்தவனுக்குப் பதில் என்ன?

1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக்கியப் படை குவைத்தில் புகுந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த தினார் செல்லாக்காசாயிற்று! வீடு திரும்பக் கிளம்பிய நம்மவர்கள் ஜோர்டான் எல்லையில், கொதிக்கும் மணலில், குடிதண்ணீருக்குக் கையேந்தி நின்றனர். அம்மானிலிருந்து நம் விமானங்கள் 488 தடவை பறந்து ஆட்களைக் கொண்டுவந்தன. பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆளைக் கொண்டுவந்தால் ஆயிற்றா? அடுப்பு எரிய வேண்டாமா?

இன்றும் வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் உண்டு. அன்று வயலும் ஏரியுமாய்க் கிடந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில், 1998 முதல் கார்கள் வெளிவருகின்றன. பத்தாண்டு வெல்டிங் பிடித்த கை அந்த வாசலில் போய் நின்றால், கேட்பது வயதை. கொடுப்பது, கொடுத்தால், ஒப்பந்தக் கூலி! ஆலைகளுக்கு நிலமும் சலுகையும் தந்த அரசு, திரும்பி வந்தவன் தொழில்திறனைச் சோதித்து நிரந்தர வேலை கொடு என்று ஒரு நிபந்தனை எழுதக்கூடாதா?